இளநிலை மாணவர்களின் கணித ஆய்வும் கல்லூரி ஆசிரியர் பயிற்சியும் (தமிழகம்)

இளநிலைப் பட்ட வகுப்பு மாணவர்களைக் கணித ஆய்வில் ஈடுபடுத்துவதும், அதற்குக் கல்லூரி ஆசிரியர்களை ஆயத்தம் செய்வதும் தமிழகத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கொண்டவை. கும்பகோணம், சென்னை, சிதம்பரம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கல்லூரிகள் இவ்வரலாற்றின் முதன்மைக் களங்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இப்பணி சில தனி ஆசிரியர்களின் ஆர்வத்தால் நடந்தது. 1980களுக்குப் பின் அமைப்புகளும் பயிற்சித் திட்டங்களும் உருவாயின. ஆசிரியர்களின் பாட அறிவை வளர்க்கப் பல திட்டங்கள் உள்ளன. மாணவர்களோடு சேர்ந்து விடை தெரியாத கணக்கைக் கையாள ஆசிரியரைப் பழக்கும் திட்டங்கள் குறைவு. அந்தக் குறை எவ்வாறு உருவானது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

கணிதச் சங்கமும் கேள்விப் பகுதியும்

வி. ராமசாமி ஐயர் கல்லூரி ஆசிரியராக இருந்து பின்னர் வருவாய்த் துறையில் துணை ஆட்சியரானவர். அவர் கணித ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி 1907-ல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். முதலில் 'அனலிட்டிக் கிளப்' எனப்பட்ட அது பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்கள். வெளிநாட்டுக் கணித இதழ்களைச் சந்தா கட்டி வரவழைத்து உறுப்பினர்களுக்குத் தபாலில் சுற்றுக்கு விடுவது சங்கத்தின் முதல் பணிகளில் ஒன்று. பெரிய நூலகம் இல்லாத ஊரில் வேலை பார்த்த ஆசிரியருக்கு உலகில் என்ன ஆய்வு நடக்கிறது என்பதை அறிய அன்று இருந்த வழி இதுவே.

சங்கத்தின் இதழில் கேள்விப் பகுதி ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் கணக்கு அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் விடை அனுப்பலாம். ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடு அங்கு இல்லை. 1911-ல் சீனிவாச ராமானுஜன் தன் முதல் கணக்குகளை இப்பகுதியில்தான் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று முடிவில்லாமல் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்ட வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்டது: √(1 + 2√(1 + 3√(1 + 4√…))). இதழின் வாசகர்களிடமிருந்து விடை வரவில்லை. ராமானுஜனே விடையை வெளியிட்டார். விடை 3.

இக்கணக்கின் அடிப்படை பள்ளி மாணவருக்கும் புரியும். மூன்றின் வர்க்கம் 9; அது 1 + 2 × 4. நான்கின் வர்க்கம் 16. அது 1 + 3 × 5. ஐந்தின் வர்க்கம் 25; அது 1 + 4 × 6. இவ்வாறு ஒவ்வொரு எண்ணையும் அடுத்த எண்ணைக் கொண்டு எழுதிக்கொண்டே போனால் அடுக்கு வர்க்கமூலம் கிடைக்கிறது. ஆனால் இந்த முடிவிலா அடுக்கு உண்மையிலேயே ஒரு மதிப்பை நோக்கிச் செல்கிறது என்பதற்குத் தனி நிறுவல் தேவை. எளிதில் தொடங்கி ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் இத்தகைய கணக்குகளே இளநிலை ஆய்வுக்கு ஏற்றவை. அவற்றைத் தேடி எடுப்பது ஆசிரியரின் வேலை.

1933-ல் சங்கத்தின் இதழ் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகள் பழைய இதழில் தொடர்ந்தன. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியவை 'மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடன்ட்' என்ற புதிய இதழுக்குச் சென்றன. அதன் முதல் ஆசிரியர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏ. நரசிங்க ராவ்.

சேஷு ஐயரும் ஆனந்தராவும்

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜனுக்குக் கணிதம் கற்பித்தவர் பி.வி. சேஷு ஐயர். ராமானுஜன் 1904-ல் அங்கு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்து, பிற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய சேஷு ஐயரே ராமானுஜனின் முதல் கணக்குகளைச் சங்க இதழுக்கு அனுப்பிவைத்தார். கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதும்படி ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1927-ல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்கள் மூவரில் ஒருவராகவும் இருந்தார். ராமானுஜன் செய்த கணிதம் சேஷு ஐயரின் பயிற்சிக்கு அப்பாற்பட்டது. ஆனாலும் அதை மதிப்பிடக் கூடியவர்களிடம் கொண்டுசேர்க்கும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. தேர்வில் தோற்றவரும் ஆய்வில் வெல்லலாம் என்பதற்கு அது முன்னுதாரணம் ஆயிற்று.

அடுத்த தலைமுறையில் இப்பணியைச் செய்தவர் கே. ஆனந்தராவ் (1893-1966). கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று 1919-ல் திரும்பிய அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். தி. விஜயராகவன், எஸ்.எஸ். பிள்ளை, வி. கணபதி ஐயர், சி.டி. ராஜகோபால், கே. சந்திரசேகரன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள் அல்லது அவரது வழிகாட்டலில் ஆய்வைத் தொடங்கியவர்கள். ஆனந்தராவ் பகுவியலிலும் தொடர்களின் கூட்டுத்தொகைக் கோட்பாட்டிலும் தாமே ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவரது மாணவர்கள் பாடநூலில் இல்லாத கணக்குகளை வகுப்பறைக்கு அருகிலேயே கண்டனர்.

சிதம்பரம்

1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கணித ஆய்வைச் சென்னைக்கு வெளியே கொண்டுவந்தது. அவ்வாண்டே அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்த சு.சி. சிவசங்கரநாராயண பிள்ளை 1941 வரை பணியாற்றினார். எண் கோட்பாட்டில் புகழ்பெற்ற வாரிங் கணக்கில் அவரது முக்கிய முடிவுகள் இக்காலத்தில் வந்தவை. எந்த முழு எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளின் கூடுதலாக எழுதலாம் என்றும், அதற்குக் குறைவான எண்ணிக்கை போதாது என்றும் 1940-ல் அவர் நிறுவினார். 1950-ல் அமெரிக்காவில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

பிள்ளையின் வாழ்க்கை காட்டும் செய்தி ஒன்று உண்டு. வகுப்பு எடுக்கும் விரிவுரையாளர் பணியில் இருந்தபடியே உலகத் தரத்தில் ஆய்வு செய்ய அன்று முடிந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்த சி.டி. ராஜகோபாலும் இவ்வகையினர். அவர் முகுந்த மாராருடன் இணைந்து 1944-ல் வெளியிட்ட கட்டுரை, வட்டத்தின் பரப்பைக் காண்பதில் கேரளக் கணித மரபு அடைந்த முடிவுகளை ஆராய்ந்தது.

திருச்சியிலிருந்து லயோலாவுக்கு

சார்லஸ் ராசின் (1897-1976) பிரான்சில் பிறந்த இயேசு சபைத் துறவி. பாரீசில் எலி கார்த்தானின் வழிகாட்டலில் 1934-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1937-ல் இந்தியா வந்து திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் சென்னை லயோலா கல்லூரிக்கு மாறினார். தன் எஞ்சிய ஆசிரியப் பணியை அங்கேயே செய்தார்.

அக்காலச் சென்னைப் பல்கலைக்கழக ஆனர்ஸ் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜின் பழைய தேர்வு முறையை ஒட்டியது. கடினமான கணக்குகளை வேகமாகப் போடுவதே அதில் திறமைக்கு அளவுகோல். ஐரோப்பாவில் அப்போது உருவாகிவந்த புதிய இயற்கணிதம், இடவியல், நவீனப் பகுவியல் ஆகியவற்றுக்கு அதில் இடம் குறைவு. ராசினுக்கு ஆந்த்ரே வெய், ஆன்ரி கார்த்தான் போன்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர்களுடன் தொடர்பு இருந்தது. அவர் தன் மாணவர்களைப் புதிய நூல்களின் பக்கம் திருப்பினார். தேர்வுக்கு வராத பகுதிகளைப் படிக்கத் தூண்டினார். ஆய்வை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாம் என்ற எண்ணத்தை விதைத்தார்.

எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, ராகவன் நரசிம்மன், சி.பி. ராமானுஜம் ஆகியோர் லயோலாவில் ராசினிடம் பயின்றவர்கள். நால்வரும் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தனர். நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965-ல் நிறுவிய தேற்றம் இயற்கணித வடிவியலில் இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது.

ராசினின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டிலும் மாணவர்களால் நிலைத்தது. அவரிடம் ஒரு முறையான பயிற்சித் திட்டம் இருக்கவில்லை. எந்த மாணவனுக்கு எந்த நூல், யாரிடம் எவரை அனுப்புவது, எப்போது தேர்வை மறக்கச் சொல்வது என்பன அவரது தனிப்பட்ட கணிப்பில் நடந்தன. அவர் செய்ததை வேறு ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்ட முறை எதுவும் உருவாகவில்லை.

ஆய்வும் கல்லூரியும் பிரிதல்

1945-ல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆனந்தராவின் மாணவரான கே. சந்திரசேகரன் 1949 முதல் அங்கு கணிதப் பள்ளியைக் கட்டி எழுப்பினார். சென்னையில் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1950-ல் ராமானுஜன் கணித நிறுவனம் தோன்றியது. தி. விஜயராகவன் அதன் இயக்குநரானார். அவருக்குப் பின் சி.டி. ராஜகோபால் பொறுப்பேற்றார். 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் கணித அறிவியல் நிறுவனத்தை நிறுவினார்.

இந்நிறுவனங்கள் இந்தியக் கணிதத்தை உலக வரைபடத்தில் இடம்பெறச் செய்தன. அதே வேளையில் ஆய்வு செய்வோர் கல்லூரி வகுப்பறையிலிருந்து விலகினர். ராசின் உருவாக்கிய சிறந்த மாணவர்கள் கல்லூரி ஆசிரியர்களாகத் திரும்பவில்லை. அடுத்த தலைமுறை இளநிலை மாணவர்களுக்கு அவர்களைப் போன்றோரிடம் படிக்கும் வாய்ப்பு கிட்டவில்லை. 1950களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பும் மூன்றாண்டு இளநிலைப் பட்டமும் வந்தபின், சிறு குழுக்களாக நடந்த ஆனர்ஸ் வகுப்புகளும் மெல்ல மறைந்தன. கல்லூரிகளின் எண்ணிக்கை பெருகியது. ஆய்வு என்பது முதுகலைக்குப் பின் தொடங்குவது என்ற எண்ணம் நிலைபெற்றது.

இப்பிரிவைச் சரிசெய்ய முயன்றவர்களில் சேஷாத்ரி முக்கியமானவர். அவர் 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் சென்னையில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் சென்னைக் கணிதவியல் நிறுவனம் ஆயிற்று. 1998-ல் அங்கு இளநிலைப் பட்ட வகுப்பு தொடங்கியது. ஆய்வாளர்களே இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தனர். லயோலாவில் தற்செயலாக அமைந்த சூழலை ஒரு நிறுவனமாக ஆக்கும் முயற்சி அது. எனினும் அது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு குழுவுக்கு மட்டுமே இடமளிக்கக் கூடியது. பெரும்பான்மைக் கணித மாணவர்கள் மாவட்டக் கல்லூரிகளிலேயே படித்தனர்.

ஆசிரியர்களுக்கான திட்டங்கள்

1960களில் பல்கலைக்கழக மானியக் குழு அமெரிக்க உதவியுடன் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிலரங்குகளை நடத்தியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தோன்றின. புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு அறிமுகப் பயிற்சியும், பின்னர் பாடவாரியான புத்தொளிப் பயிற்சியும் அங்கு தரப்பட்டன. பதவி உயர்வுக்கு இப்பயிற்சிகள் தேவையாக இருந்ததால் ஆசிரியர்கள் பெருமளவில் கலந்துகொண்டனர்.

கணிதத்துக்கென அமைந்த திட்டங்கள் பின்வருமாறு:

தேசிய உயர்கணித வாரியம்: அணுசக்தித் துறையின் கீழ் 1983-ல் அமைக்கப்பட்டது. நூலகங்களுக்கும் பயிலரங்குகளுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் நிதி அளிக்கிறது.

ராமானுஜன் கணிதச் சங்கம்: 1985-ல் திருச்சிராப்பள்ளியில் பதிவு செய்யப்பட்ட அமைப்பு. இதன் ஆய்விதழ் 1986 முதல் வருகிறது. இளநிலை வகுப்பு ஆசிரியர்களின் கணித அறிவை வளர்ப்பதற்கென்றே இச்சங்கம் தனிப் பயிலரங்குகளை நடத்துகிறது.

கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம்: எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கியது. கோடை விடுமுறையில் நான்கு வாரங்கள் நடக்கும் முகாம். இளநிலை, முதுகலை மாணவர்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றனர். ஆசிரியர் கேள்வி கேட்க, மாணவர் உதாரணம் தேடி, ஊகித்து, தாமே நிறுவலை அடைவது இதன் கற்பித்தல் முறை. இதே முறையைக் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் தனிப் பயிற்சியும் பின்னர் உருவானது.

தேசியக் கணித மையம்: டாட்டா நிறுவனமும் மும்பை ஐ.ஐ.டி.யும் இணைந்து நடத்துவது. ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளிகளையும் செறிவூட்டல் பயிலரங்குகளையும் நாடு முழுவதும் நடத்துகிறது.

அறிவியல் கழகங்களின் கோடை ஆய்வு நல்கை: பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகம் 1990களில் தொடங்கி, பின்னர் பிற இரு தேசிய அறிவியல் கழகங்களுடன் இணைந்து நடத்திவருவது. மாணவர்களோடு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வு பெற்றவர் இரு மாதங்கள் ஓர் ஆய்வாளரிடம் சென்று பணியாற்றுவார்.

இவற்றில் பெரும்பாலானவை ஆசிரியருக்குப் பாடத்தைத் தெளிவாக்குபவை. குமரேசனின் திட்டம் கற்பிக்கும் முறையையும் மாற்ற முயன்றது. கோடை ஆய்வு நல்கை ஆசிரியரை ஓர் ஆய்வாளரின் அருகில் அமர்த்தியது. ஊர் திரும்பிய ஆசிரியர் தன் மாணவர்களுடன் ஒரு கணக்கைத் தொடங்கி நடத்துவதற்கான நேரமும் தொடர் துணையும் இத்திட்டங்களில் தனியாக இடம்பெறவில்லை.

கோட்டுருவியல் என்னும் வாயில்

தமிழகக் கல்லூரி ஆசிரியர்களிடையே மிகவும் பரவிய ஆய்வுத் துறைகளுள் ஒன்று கோட்டுருவியல். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய இத்துறைக்கு நீண்ட முன்படிப்பு வேண்டியதில்லை. ஆய்வகமோ பெரிய நூலகமோ தேவையில்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஆர். பாலகிருஷ்ணனும் திருச்சி தேசியக் கல்லூரியின் கே. ரங்கநாதனும் இணைந்து எழுதிய கோட்டுருவியல் பாடநூல் 2000-ல் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியரும் கல்லூரி ஆசிரியரும் சேர்ந்து உலக அளவில் பயன்படும் நூலை உருவாக்கியதற்கு அது சான்று.

கோட்டுருவியலின் ஒரு கிளை, முனைகளுக்கு எண் இடும் முறைகளை ஆராய்வது. 1967-ல் அலெக்சாண்டர் ரோசா வெளியிட்ட கட்டுரையிலிருந்து அது வளர்ந்தது. நான்கு முனைகளை வரிசையாக மூன்று கோடுகளால் இணைத்து, முனைகளுக்கு 0, 3, 1, 2 என்று எண் இடலாம். ஒவ்வொரு கோட்டின் இரு நுனி எண்களின் வேறுபாட்டை எடுத்தால் 3, 2, 1 கிடைக்கிறது. கோடுகளின் எண்ணிக்கை வரையுள்ள எல்லா எண்களும் ஒருமுறை வந்துவிட்டன. சுற்று இல்லாத ஒவ்வொரு தொடுத்த கோட்டுருவுக்கும், அதாவது ஒவ்வொரு 'மரத்துக்கும்', இவ்வாறு எண் இட முடியுமா? முடியும் என்பது ரிங்கல், கோட்சிக் பெயரால் அறியப்படும் ஊகம். அரை நூற்றாண்டு கடந்தும் அது நிறுவப்படவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒரு மணி நேரத்தில் கணக்கைப் புரிந்துகொள்ளலாம், சிறிய மரங்களில் முயன்று பார்க்கலாம்.

எண்ணிடலில் தமிழகத்திலிருந்து புதிய கருத்துகளும் வந்தன. நுனி எண்களின் வேறுபாட்டுக்குப் பதிலாகச் சராசரியை எடுக்கும் முறையை எஸ். சோமசுந்தரமும் ஆர். பொன்ராஜும் 2003-ல் அறிமுகம் செய்தனர். இத்துறையின் முடிவுகளைத் தொகுத்து ஜோசப் கல்லியன் 1998 முதல் புதுப்பித்துவரும் இணையத் தொகுப்பில் தமிழகக் கல்லூரி ஆசிரியர்களின் பெயர்கள் ஏராளமாக உள்ளன.

இவ்வாயிலில் ஓர் ஆபத்தும் உண்டு. எண்ணிடும் விதியைச் சற்று மாற்றினால் புதிய வரையறை கிடைக்கிறது. சில கோட்டுருக் குடும்பங்களுக்கு அதைச் சரிபார்த்தால் ஒரு கட்டுரை ஆகிறது. 2010-ல் மானியக் குழு கொண்டுவந்த விதிகள் ஆசிரியரின் பதவி உயர்வுக்கு வெளியீடுகளை மதிப்பெண்ணாகக் கணக்கிட்டன. பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களும் பெருகின. அவற்றைத் தடுக்க மானியக் குழு 2019-ல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை வெளியிட வேண்டியதாயிற்று. எண்ணிக்கைக்காக எழுதப் பழகிய ஆசிரியரிடம் மாணவரும் அதையே கற்பார். ஏன் இந்தக் கணக்கு முக்கியம், இதன் விடை வேறு எதைத் திறக்கும் என்ற கேள்வியை எழுப்ப ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் அதே கோட்டுருக் கணக்கு மாணவருக்கு நல்ல தொடக்கமாகும்.

அமெரிக்க முன்மாதிரிகள்

எண்ணிடல் தொகுப்பை உருவாக்கிய கல்லியன்தான் இளநிலை ஆய்வு முகாம்களின் முன்னோடிகளில் ஒருவர். அவர் 1977-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் இளநிலை மாணவர்களுக்கான கோடை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். 1987-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் இத்தகைய முகாம்களுக்கு நாடு தழுவிய நிதித் திட்டத்தை அறிவித்தது.

முகாம்கள் பெருகியபோது ஒரு குறை தெரிந்தது. கோடையில் முகாமுக்குச் சென்ற மாணவர் ஊர் திரும்பினால், அவருடைய கல்லூரியில் ஆய்வைத் தொடர வழிகாட்டி இல்லை. ஆகவே கவனம் ஆசிரியர் பக்கம் திரும்பியது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டார்ஃப் 2006-ல் நிறுவிய மையம் பிற கல்லூரிகளின் ஆசிரியர்களுக்குச் சிறு நிதி அளித்தது. ஆசிரியர் முதலில் பயிலரங்குக்கு வருவார். பின்னர் தன் கல்லூரியில் சில மாணவர்களைக் கொண்டு ஆண்டு முழுவதும் ஒரு கணக்கில் பணியாற்றுவார். நிதியின் ஒரு பகுதி ஆசிரியரின் வகுப்புச் சுமையைக் குறைக்கவும் மறு பகுதி மாணவருக்கு உதவித்தொகையாகவும் சென்றது. அமெரிக்கக் கணித நிறுவனம் 2008-ல் தொடங்கிய மற்றொரு திட்டத்தில், இளநிலைக் கல்லூரி ஆசிரியர்கள் ஒரு வாரம் சிறு குழுக்களாக அமர்ந்து விடை தெரியாத கணக்குகளில் தாமே ஈடுபட்டனர். மாணவர் அடையப்போகும் தடுமாற்றத்தை ஆசிரியர் முதலில் தானே அடைவது இதன் நோக்கம்.

இந்தியத் திட்டங்களுடன் ஒப்பிட்டால் மூன்று கூறுகள் தனித்துத் தெரிகின்றன. ஆசிரியருக்கு ஒதுக்கப்பட்ட நேரம், மாணவருக்கு உதவித்தொகை, பயிலரங்கு முடிந்தபின் ஓராண்டுத் தொடர்பு.

பெரம்பலூர், அரியலூர் பகுதி

இவ்வரலாறு மாவட்டக் கல்லூரிகளை எவ்வாறு தொடுகிறது என்பதற்குத் திருச்சிக்கு வடக்கே உள்ள பகுதி உதாரணம். பெரம்பலூர் மாவட்டம் 1995-ல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டு மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-ல் மறுபடி தனி மாவட்டம் ஆனது. இரு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் 1982-ல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அரியலூர், குரும்பலூர், வேப்பந்தட்டை ஆகிய ஊர்களில் அரசுக் கல்லூரிகள் உள்ளன.

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் அமைந்த பாடாலூர் இப்பகுதியின் தென்வாசல். ராசின் முதலில் கற்பித்த புனித வளனார் கல்லூரியும், ரங்கநாதன் பணியாற்றிய தேசியக் கல்லூரியும், ராமானுஜன் கணிதச் சங்கம் பதிவான நகரமும் இங்கிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. பாடாலூரை அடுத்த காரை, ஊட்டத்தூர் பகுதிகளின் கிரெட்டேசியஸ் காலப் புதைபடிவங்களைக் காண நிலவியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வருகின்றனர். நிலவியலுக்குக் களம் வேண்டும். கணிதத்துக்கு அந்தத் தேவையும் இல்லை. 1907-ல் இதழ் ஒன்றைத் தபாலில் எதிர்பார்த்துக் காத்திருந்த ஆசிரியரின் நிலை இன்று இல்லை. ஆய்வுக் கட்டுரைகளின் முன்பதிப்புகளும், முழு எண் வரிசைகளின் கலைக்களஞ்சியமும், கல்லியனின் தொகுப்பும் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்றைய தடை வேறு இடத்தில் உள்ளது. மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியரின் நேரடி வகுப்பு வாரத்துக்கு 16 மணி நேரம். விடைத்தாள் திருத்துதல், சேர்க்கைப் பணி, தரமதிப்பீட்டுக் கோப்புகள் ஆகியவை அதற்கு மேல். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு முடித்த மாணவர்கள் பலர் கணித நிறுவலை ஆங்கிலத்தில் எழுதுவதற்கே முதல் ஆண்டைச் செலவிடுகின்றனர். கரும்பலகை முன் தமிழில் பேசி ஊகித்து, பின்னர் ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவதும் ஆசிரியர் பயிற்சியில் இடம்பெற வேண்டிய திறன். பயிற்சித் திட்டங்களில் அதற்குத் தனிப் பகுதி இல்லை.

அண்மைக் காலம்

1978-ல் லயோலா, புனித வளனார் முதலிய கல்லூரிகள் தன்னாட்சி பெற்றபின், பாடத்திட்டத்தில் திட்டக்கட்டுரையைச் சேர்க்க வழி ஏற்பட்டது. முதுகலை இறுதிப் பருவத்தில் திட்டக்கட்டுரை இன்று பரவலாக உள்ளது. பெரும்பாலும் அது ஒரு நூலின் இயலையோ வெளியான கட்டுரையையோ விளக்கி எழுதுவதாக அமைகிறது. ஆசிரியர்கள் பலருக்கு முதல் ஆய்வுப் பயிற்சியாக இருந்த எம்.ஃபில். பட்டத்தை மானியக் குழு 2022-ல் நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான மானியக் குழுவின் பாடத்திட்டச் சட்டகம், நான்காண்டு இளநிலைப் படிப்பில் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' என்ற பிரிவை வகுத்தது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டில் ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் 12 மதிப்பலகு கொண்ட ஆய்வைச் செய்யலாம்.

இளநிலை மாணவரின் ஆய்வை வழிநடத்தும் பொறுப்பு இதனால் விதிகளில் எழுதப்பட்டுள்ளது. அப்பொறுப்பை ஏற்கவேண்டிய ஆசிரியர் ஒருவர், தன் மாணவப் பருவத்தில் அத்தகைய வழிகாட்டலைப் பெறாதவராகவே பெரும்பாலும் இருப்பார். சேஷு ஐயர், ஆனந்தராவ், ராசின் ஆகியோரிடம் பொதுவாக இருந்தவை சில: தேர்வுக்கு அப்பால் ஒரு கணக்கில் தாமே கொண்ட ஈடுபாடு, மாணவரிடம் செலவிட நேரம், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பும் தொடர்பு. இம்மூன்றும் பயிற்சியாலும் வேலை ஒதுக்கீட்டாலும் உருவாக்கத் தக்கவை. திருச்சியிலும் சென்னையிலும் உள்ள அமைப்புகள் ஆசிரியருக்குக் கணிதம் கற்பிக்கும் அனுபவத்தை ஏற்கனவே பெற்றுள்ளன. பாடாலூர் போன்ற ஊரிலிருந்து அருகிலுள்ள கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஆய்வைக் காண்பது, அந்த அனுபவம் அடுத்த படிக்கு, அதாவது ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு திறந்த கணக்கின் முன் அமர்வதற்கு, நகர்வதைப் பொறுத்தது.